சொன்னால்தான் தருவேன்

என் மகள் இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வந்து என் வலது கையின் இரண்டு விரல்களைப் பிடிப்பாள், இழுத்துக்கொண்டு போவாள். தண்ணீர் வேண்டுமென்றால் அந்தக் கையைக் கொண்டுபோய் ஃபில்டர் குழாயின்மேல் வைப்பாள். வெளியே போக வேண்டுமென்றால் கேட்டின் கொண்டியில். வயிறு வலித்தால் என் உள்ளங்கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து அமுக்கிக்கொள்வாள். அப்போதெல்லாம் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

நான் தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். காலையிலிருந்து மூன்று மணிவரை "பேசாதே, வாயை மூடு" என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு பிள்ளையிடம் வாயைத் திற என்று கெஞ்ச வேண்டும். வேடிக்கை காட்ட உமக்கு வேறு வீடே கிடைக்கவில்லையா என்று ஆண்டவரிடம் ஜெபத்திலேயே சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சர்ச் வாசலில் யாராவது "பிள்ள இன்னும் பேசல்லியா?" என்று கேட்டால், "உங்க பிள்ள பேசிப் பேசி என்னத்தக் கிழிச்சுது?" என்று கேட்டுவிடுவேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

காதைச் சோதித்துப் பார்த்ததில் குறையொன்றும் இல்லை. நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், மதுரைப் பக்கம். "கேட்கும் முன்னாடியே எடுத்துக் குடுத்திராதீங்க அக்கா. முகத்தைப் பார்த்து மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. ஒரு சின்னச் சத்தம் வந்தாப் போதும். வரலன்னாலும் நீங்களே 'தா'ன்னு சொல்லிட்டுக் குடுத்திருங்க" என்றாள்.

காத்திருக்கச் சொன்னது எனக்குப் பிடித்தது. சத்தம் வராவிட்டாலும் கொடுக்கச் சொன்னது பிடிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை நான் அப்படியா வழிக்குக் கொண்டுவந்தேன்? எழுதி முடித்தால்தான் விளையாட விடுவேன் என்றால் அடுத்த நிமிடம் பென்சில் ஓடும். சின்னப் பெண், பிள்ளை பெற்று வளர்த்தவள் இல்லை, இவளுக்கு என்ன தெரியும் என்று பாதியை எடுத்துக்கொண்டு பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பிஸ்கட் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. மகள் வந்து என் விரலைப் பிடித்தால் உதறிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். "தா-ன்னு சொல்லு. சொன்னாத்தான் தருவேன்."

என் வீட்டுக்காரருக்குக் கீரிப்பாறையில் ரப்பர் ஃபாக்டரியில் வேலை. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போது, அவள் தண்ணீருக்கு அழுதுகொண்டு நிற்பதைப் பார்ப்பார். "ஏட்டி, பச்சப் பிள்ளைட்டி அது. வெள்ளத்தக் குடு."

"நீங்க செல்லம் குடுத்துக் குடுத்துதான் இது இப்பிடி நிக்கி. பேசாம அங்கோட்டுப் போங்க."

அவரும் பேசாமல் போய்விடுவார். என்னோடு வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். சித்திரை வெயில். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் விரலைப் பிடித்து ஃபில்டருக்கு இழுத்தாள். கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி பிடித்தாள். மறுபடி எடுத்துக்கொண்டேன். "தா சொல்லு மக்கா. தா." அவள் வாய் ஒரு தடவை திறந்தது. சத்தம் வரவில்லை. அந்தத் திறந்த வாய்க்காகவே நான் கொடுத்திருக்க வேண்டும். இதோ வரப்போகிறது, இன்னும் கொஞ்சம், என்று கல்லாக நின்றேன். அவள் தரையில் விழுந்து புரண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் நகரவில்லை. கடைசியில் எழுந்து குளியலறைக்குப் போனாள். பின்னால் போய்ப் பார்த்தால், வாளியிலிருந்து மக்கில் கோரி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறாள். மக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தேன்.

அதன் பிறகு அவள் என் விரலைப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் தானே எடுத்துக்கொள்வாள். எட்டவில்லை என்றால் இறங்கிப் போய்விடுவாள், கேட்க மாட்டாள். எனக்கு அதில் பெருமைதான். "இப்பல்லாம் கையப் பிடிச்சு இழுக்கதே இல்ல" என்று மற்ற டீச்சர்களிடம் சொன்னேன். "கொள்ளாமே" என்று பாராட்டினார்கள்.

அட்மிஷன் வேலையென்று இரண்டு மாதம் பயிற்சிக்குப் போக முடியவில்லை. திரும்பப் போன அன்று அந்தப் பெண்ணிடமும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"அப்ப என்ன வேணும்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றா?"

"சொல்லதில்ல. அவளே எடுத்துக்கிடுவா."

"அக்கா, அவ உங்ககிட்ட பேசிட்டு இருந்ததே அதுதான்" என்றாள். "அந்தக் கையிலதான் வார்த்தையைச் சேர்க்கலாம்னு இருந்தேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தக்கலைவரை அழுதேன். அன்றிலிருந்து வீட்டில் கையை நீட்டிக்கொண்டே நடந்தேன். ஃபில்டர் பக்கத்தில் போய் உட்காருவேன், கையை அவள் உயரத்துக்குத் தொங்கவிடுவேன். அவள் சுற்றிக்கொண்டு போவாள். ஒரு நாள் நானே கையைக் குழாயின்மேல் வைத்துக் காத்திருந்தேன். வழியில் கிடக்கும் துணியை எடுத்து ஓரம் வைப்பதுபோல என் கையை எடுத்து ஓரம் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். கோபம்கூட இல்லை அவளிடம். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனி மழையில் ஒரு காலை அவளைத் தூக்கியபோது தலையணை உறை ஈரமாக, மஞ்சளாக இருந்தது. இடது காதிலிருந்து சீழ் வடிந்திருந்தது. உடம்பு கொதித்தது. இரண்டு பேரும் பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் வயதானவர். விளக்கை அடித்துக் காதுக்குள் பார்த்தார். "எத்தன நாளாட்டு வலி உண்டு?"

"தெரியாது டாக்டர்."

"அழல்லியா?"

"இல்ல."

"காதத் தொட்டுக் காட்டல்லியா?"

"இல்ல."

"நல்லாப் பழுத்து உடைஞ்சிருக்கு. மூணு நாலு நாளாவது பிள்ள துடிச்சிருக்கும். கூடவே கெடக்க தாய்க்குத் தெரியல்லியா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கும் சரி, இன்றுவரைக்கும் சரி, அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சின்ன வயிற்று வலிக்கே என் கையைத் தேடி வந்தவள். அத்தனை நாளும் அந்த வலியை வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே, என் புடவைத் தலைப்பு முகத்தில் படும் தூரத்தில் படுத்திருந்திருக்கிறாள். அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றிலும் அதைத்தான் அவள் நன்றாகப் படித்துக்கொண்டாள்.

காதைச் சுத்தம் செய்ய அவளை என் மடியில் உட்காரவைத்தார்கள். "பிள்ளைக்க கைய நல்லாப் பிடிச்சுக்கிடுங்க" என்றார் நர்ஸ். பிடித்தேன். அவள் மெதுவாகக் கையை உருவி, மேசையின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு சுற்றிய கம்பி உள்ளே போனபோது அவள் உடம்பு முழுக்க என் மடியில் விறைத்தது. வாயை இறுக்கமாக மூடியிருந்தாள்.

"நல்ல பிள்ள" என்றார் டாக்டர். "ஒரு சத்தம் இல்ல பாத்தியளா."