கடைசி பஸ்ஸுக்காக வெட்டிய பாட்டு

சென்ற ஆண்டு ஆனி மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இலத்தூரில் சாரல்; குற்றால மலை தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் அண்ணன் காலமானார். வயது எண்பத்தெட்டு. எனக்கு ஏழு வயது மூத்தவர்.

பிறந்ததும் இலத்தூரில்தான். பதினாறு வயதில், சீசனுக்குக் குற்றாலத்தில் முகாமிட்டிருந்த நாடகக் கம்பெனியோடு போய்விட்டார். நான்கு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு படத்தில் வாய்ப்பு வந்தது. நாடகக்காரர்களின் வாழ்க்கையைப் பற்றிய படம். அதில் ஒரு மேடைக் காட்சியில் நாரதராக நின்று, சொந்தக் குரலில் ஒரு பாட்டு.

படம் தென்காசிக்கு வந்தபோது மூன்று வண்டி கட்டிப் பத்தொன்பது பேர் போனோம். அண்ணனும் வந்தார். படத்தில் பார்த்துப் பிடித்திருந்தால் மறுபடி சென்னைக்கு அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். படம் முடிந்தது, நாரதர் வரவில்லை. செங்கோட்டைக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று பாட்டுகளை வெட்டி ஓட்டுவது அந்தக் கொட்டகையில் வழக்கம். அண்ணன் சொல்லிப் பார்த்தார். மாட்டுவண்டியில் வந்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

"என்ன மாப்ளே, நாரதரு மேலோகத்துலயே நின்னுட்டாரா?" என்று கேட்டார் எங்கள் மாமா.

மறுநாள் படத்தை மாற்றிவிட்டார்கள். அப்பா வயலைக் காட்டினார். அதன்பின் அண்ணன் நெல்லையும் தென்னையையும் பார்த்துக்கொண்டார். யாருக்கும் ஒரு வரி பாடிக் காட்டியதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது "நாரதரே" என்று அழைத்தால், சிரித்துக்கொண்டே இலை போட எழுந்துவிடுவார்.

கடைசி மாதத்தில் அவர் படுத்துவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய படங்களைச் சேர்த்துவரும் வடகரை நண்பர் ஒருவர், வெட்டாத பிரதியைத் தேடிக் கொடுத்தார். கரண்ட் போய்விடுமோ, அண்ணன் தூங்கிவிடுவாரோ என்று பதறிக்கொண்டே டிவியில் போட்டேன். நாரதர் வந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்தார்.

"சரணத்துல சுருதி இறங்கிட்டுலே. இன்னொருக்க எடுத்தா சரியாப் பாடிருவேன்."

அதன்பின் நான்கு நாள்தான் இருந்தார்.

வீட்டுக்கே வந்து பார்த்த ஆய்க்குடி டாக்டருக்கும், மழையில் நனைந்தபடி தோள் கொடுத்தவர்களுக்கும், படம் தேடித் தந்த நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதினாறாம் நாள் தென்காசி மண்டபத்தில் அந்தப் பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். மாமாவின் மக்கள் முன்வரிசையில் இருந்தார்கள். திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை நாலாயிரத்து முந்நூறு. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரும் நடுவில் எழுந்துவிடக்கூடாது என்பதற்காகப் பேசிய வேனுக்கு ஆயிரத்து எண்ணூறு. ஆக, ஆறாயிரத்து நூறு ரூபாய்.