நாலாவது நம்பர்

என் பழைய பட்டன் போனின் கண்ணாடி வெடித்துப் போயிருக்கிறது. அது முதன்முதலாக அலாரத்துக்கு அடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் கடற்றொழில் சங்கத்தின் மீன் குளிரறைக்கு ஒரு சாம்பல்நிறப் பெட்டியைச் சுவரில் பூட்ட நானாட்டானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மெக்கானிக் ஐயா என்போம். உள்ளே சூடு ஏறினாலும் கரண்ட் நின்றாலும் பெட்டி தானாகப் போனுக்குச் சொல்லுமாம்.

கூடை கழுவுவதும் குளிரறைப் பூட்டின் திறப்பை வைத்திருப்பதும் என் வேலை. சூடு பார்க்கும் வயரை அவர் பின்மூலையில், விசிறிக்குக் கீழே தொங்கவிட்டார். “ஐயா, அந்த மூலை எப்பவும் விறைச்சுத்தான் கிடக்கும். பழுதாகிறது கதவடி மீன்தான்” என்றேன். இரண்டு இடத்திலும் கையை வைத்துப் பார்த்தார். வயரைக் கழற்றிக் கதவடிக்குக் கொண்டுவந்தார்.

பிறகு, அலாரம் யாருக்குப் போகவேண்டும் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சங்கச் செயலாளர் தன்னுடையது, தலைவருடையது, பொருளாளருடையது என்று மூன்று நம்பர் சொன்னார்.

“இன்னும் ஒண்டுக்கு இடமிருக்கு. அம்மாவின்ர நம்பர்?” ஐயா என்னைக் காட்டிக் கேட்டார்.

செயலாளர் சிரித்தார். “மாமிக்கு மெசேஜ் போட்டால் அதை வாசிக்க இன்னோராளைப் பிடிக்கோணும்.”

எனக்கு என் பெயர் மட்டும் எழுதத் தெரியும். ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வெளியாளுக்கு முன்னால் சொன்னது சுட்டது. ஐயா அவர் பக்கம் திரும்பவேயில்லை. “வாசிக்கத் தேவையில்லை அம்மா. உங்கட போனுக்குக் கோல் வரும். அடிச்சால் போய்ப் பாருங்கோ.” நம்பரைப் பிசகாமல் சொன்னேன். அவர் அதைப் பெட்டியில் பதிந்து, சரிபார்க்க வயரை இழுத்தார். என் மடியில் போன் அடித்தது. கரண்ட் பிசகினால் தானாக விழும் சுவிட்சைத் தூக்கும் விதத்தையும் காட்டி, அதில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

ஆவணித் திருநாளுக்கு ஊரே மடு மாதா கோயிலுக்குப் போய்த் தங்கும். பூசை நேரம் போனை நிற்பாட்டி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மூன்று நம்பர் கொடுத்தபோது ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அந்த வருடம் எனக்கு முழங்கால் வீக்கம், போகவில்லை. ரேடியோவில் பூசை கேட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நொண்டிக்கொண்டு போய்த் திறந்தேன். விசிறி நின்றிருந்தது. திருநாள் முடிந்து லொறி வரும்வரை வைத்திருந்த எல்லா வீட்டு மீனும் உள்ளே. சிவப்பு டேப் சுவிட்சை இரண்டு கையாலும் தூக்கினேன். விசிறி சுழன்றது.

திருநாள் முடிந்து வந்த செயலாளர் கோயிலிலிருந்து மடு மண் கொண்டுவந்து தந்தார். “மாதாதான் காப்பாற்றினவ, மாமி.”

“ஓம், என்ர நம்பருக்குத்தான் அடிச்சவ.”

மெக்கானிக் ஐயா காலமாகிவிட்டார். திறப்பு இன்னும் என்னிடம்தான். போன கிழமை பெட்டியை மாற்ற வேறொருவர் வந்தார். எல்லாம் மெசேஜாகப் போகும், வேலை முடிந்தது, ஒப்பம் வையுங்கள் என்று தாளையும் பேனையையும் நீட்டினார்.

“கோல் வருமோ?”

“இப்ப ஒருத்தரும் அப்பிடி வைக்கிறேல்லை அம்மா.”

பேனையை மூடினேன். “அடிச்சுக் காட்டுங்கோ. பிறகு வைக்கிறன்.”

முணுமுணுத்துக்கொண்டு கனநேரம் எதையோ தட்டினார். கடைசியில் வயரை இழுத்தார். வெடித்த கண்ணாடிப் போன் என் மடியில் அடித்தது. அடித்து ஓயும்வரை விட்டேன். பிறகு பேனையைத் திறந்து, ஆறுதலாக, எழுத்தெழுத்தாக, என் முழுப்பெயரையும் எழுதினேன்.