ஓதின தண்ணீரும் சோயாக் கன்றுகளும்

எனக்கு இன்றைக்கும் சோயா தொண்டையில் இறங்காது. ருசியில் ஒரு குறையுமில்லை. நான் கொன்ற பயிர் அது.

நாட்டில் சண்டை முடிந்து, ஊருக்குத் திரும்பலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்திருந்த காலம். வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள்; நான் புத்தளத்தில் பிறந்தவள், அப்போது எட்டு வயது. வாப்பாவுக்கு விட்டுவந்த வயல் நினைப்பு. உம்மாவுக்கோ புத்தளத்துக்குப் பக்கத்தில், மதுரங்குளியில் கட்டிய வீட்டை விட மனமில்லை. கடைசியில் வாப்பா வாக்குக் கொடுத்தார்.

"இந்தச் சோயா சரிவந்தா இங்கயே இருப்பம். இல்லாட்டி நான் போய் வயலப் பாக்கிறன்."

கிணற்றடியில் ஒரு துண்டுக் காணி. நெல் விதைத்துப் பழகிய கை, சோயாவுக்கும் நாலு பக்கமும் வரம்பு கட்டிவிட்டது. முளைகள் கூன்போட்டபடி மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும்பின. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் பார்த்தால் பத்துப் பதினைந்து கன்றுகள் சாய்ந்து கிடந்தன.

உம்மா பதறிப்போய், பள்ளிவாசல் லெப்பையிடம் ஒரு போத்தல் தண்ணீரில் குர்ஆன் ஓதி வாங்கி வந்தார். "பிஸ்மி சொல்லித் தெளிங்க மகள். கொஞ்சமாத்தான்."

கொஞ்சமாம்! ஓதின தண்ணீரில் ஒரு துளியை வாளியில் விட்டால், வாளி முழுவதும் ஓதின தண்ணீர்தானே? வாப்பா பின்னேரம் அசர் தொழப் பள்ளிக்குப் போகும் நேரம் பார்த்து, தேத்தண்ணி வைக்கும் கேத்தலால் கேத்தல் கேத்தலாக மொண்டு ஊற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தன. நானும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். யா அல்லாஹ், எவ்வளவு ஈமானோடு ஊற்றினேன்!

பாதிக்கு மேல் போனபின் விவசாயப் போதனாசிரியர் வந்து ஒரு கன்றைப் பிடுங்கினார். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கபில நிறமாகி, நூலாக மெலிந்திருந்தது.

"நாற்றழுகல். மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சணம், ஈரம் நிண்டா எழும்பிரும். விதையில மருந்து பிரட்டிப் போட்டிருக்கோணும். வரம்ப வெட்டித் தண்ணிய வடிய விடுங்க." பிறகு மண்ணைக் கையில் எடுத்து நசுக்கினார். "இந்த மழைக்குள்ள தண்ணியும் ஊத்தினது ஆரு?"

நான் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் சேர்," என்றார் வாப்பா.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வந்தது நிம்மதி. வாப்பாவும் ஊற்றியிருக்கிறாரே, பழியில் பாதி அவருக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்ப விதைக்க விதையும் இல்லை, பருவமும் தாண்டிவிட்டது. அடுத்த கிழமை புத்தளம் பஸ் நிலையத்தில் வாப்பா மன்னார் பஸ் ஏறினார். "சோயா விதை கொண்டு வாங்க வாப்பா, மருந்து பிரட்டினது!" என்று கத்தினேன். ஜன்னலால் என்னைப் பார்த்து, "ஓம் மகள்," என்றார். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். விதை வாங்கப் போகிறவருக்காக யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதன்பின் வாப்பா பெருநாளைக்குப் பெருநாள்தான் வந்தார். வீட்டில் ஒரு விருந்தாளி போல இருந்துவிட்டுப் போவார். கடைசியில் அங்கேயே மௌத்தானார்.

அவரை மன்னாரில் அடக்கிவிட்டு வந்த அன்றுதான் உம்மா சொன்னார். வாப்பா ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லையாம். போதனாசிரியர் போனபிறகு, கேத்தலில் அப்பியிருந்த சேற்றை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு, "புள்ளைட்ட ஒண்டும் கேக்க வாணாம்," என்றாராம்.