தொட்டியிலிருந்து அள்ளிய மணல்

அப்பா மலேரியா இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்வராயன் மலையில் ஊர் ஊராக நடந்து, கிணற்றிலும் தொட்டியிலும் கொசுப்புழு தேடியதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற வருஷம் மலை ஓடையில் பிடித்த ஏழு அயிரை மீன்களைத் தூக்குவாளியில் போட்டு, பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தார். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி, அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஓடை மணல் பரப்பி, அதில் விட்டார். குழம்புக்கு ஆகிற மீனைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று தெருவே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அந்த மீன்களின் கோணங்கித்தனம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒன்று திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து செத்த மாதிரி கிடக்கும். என் மனைவி பதறுவாள். "தூங்குதும்மா, வுட்டுடு" என்பார். இன்னொன்று விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். "அதுக்கு வயித்துலயும் மூச்சு உண்டு. எப்பவாச்சும் வந்தா நோவு இல்ல. ஓயாம வந்துக்கினே இருந்தாத்தான் தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்பார். மழை வரும் முன் ஏழும் பேய் பிடித்தது போல் கண்ணாடியோரம் ஏறி இறங்கி ஓடும். பயந்தால் மணலுக்குள் புதைந்து கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். புதையாமல், வெளுத்துப்போய், மணல்மேல் ஒன்று கிடந்தால்தான் அப்பாவின் முகம் மாறும். இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. கட்டிலுக்கு எதிரே தொட்டியை நகர்த்தி வைத்தோம். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் பேசுவது புரிகிறதா இல்லையா என்று முதலில் கவலைப்பட்டோம். பிறகு, புரியாது என்று நாங்களாகவே முடிவு கட்டி, அவர் முன்னாலேயே எதையும் பேசப் பழகிவிட்டோம்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்த முறை மறியல் நாள் கணக்கில் நீண்டது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்த நான் வீட்டில் அடைந்து கிடந்தேன். வேலையற்றவன் பூனையைச் சிரைத்தானாம். நான் மீன் தொட்டியைக் கழுவினேன்.

அன்று காலை ஏழு மீனும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் அயிரை வாங்கினால், சமைக்குமுன் தண்ணீரை மாற்றி மாற்றி வயிற்று மண்ணைக் கக்க வைப்பது வழக்கம். எனக்குத் தெரிந்த மீன் வைத்தியம் அவ்வளவுதான். மண்ணைத் தின்றுதான் தவிக்கின்றன என்று முடிவு செய்து, மணலை ஒரு பொடி இல்லாமல் அள்ளிக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டினேன். அப்பா இடக்கையை ஆட்டி ஏதோ சத்தம் போட்டார். மூத்திரத்துக்கு என்று நினைத்துச் சட்டியைப் பிடித்தேன். அதைத் தட்டிவிட்டார். "சும்மா இருங்கப்பா" என்று அதட்டினேன். சாயந்திரம் நல்ல மழை பெய்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மீன்கள் வெறும் கண்ணாடித் தரையில் தலையை முட்டி முட்டி, வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தன. மீசையெல்லாம் சிவந்திருந்தது. புண்ணுக்கு உப்பு நல்லது என்று ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டேன். மதியத்துக்குள் மூன்று மிதந்தன. அப்பாவின் இடக்கை அன்றைக்குத்தான் ஜமக்காளத்தைப் பிராண்டத் தொடங்கியது. நாலு விரலையும் மடக்கி அள்ளுவதும் இழுப்பதுமாக, நிற்கவே இல்லை.

அடுத்த தெருவிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, பார்க்க வந்தாள்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? படுக்கையப் பிராண்டுறான். எங்க அப்பனுக்கும் கடைசில இப்பிடித்தான். ரெண்டு நாள் தாங்காது, சொல்லி அனுப்பு."

ஆள் மூலம் சங்கராபுரத்தில் இருந்த தங்கைக்குச் செய்தி போயிற்று. வெட்டிக் கிடந்த மரங்களை ஏறித் தாண்டி, அவள் நடந்தே வந்தாள். கால் வீங்கியிருந்தது. வாசலிலேயே அழ ஆரம்பித்தாள். பாலைக் காய்ச்சி ஆற்றி, சாகப் போகிறவருக்கு ஊற்றுவது போல் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினோம். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். பால் வழிந்து காதுக்குள் போனது. அவர் என்னையே பார்த்தார். கை மட்டும் அள்ளிக்கொண்டே இருந்தது.

"ரோட்டுல மரம் கெடக்குது. பாடைய எப்பிடிடா தூக்கிக்கினு போவீங்க?" என்றாள் அத்தை.

"ஏரிக்கரை மேலயே போயிடலாம் அத்த" என்றேன் நான். கட்டிலுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

இரண்டு நாள் இப்படியே போனது. உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, மண்ணாசைதான் காரணம் என்றாள் அத்தை. அப்படி இழுத்தால் சொந்த நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் நிலம் மறியலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"வூட்டு மண்ணும் மண்ணுதான். கொல்லையில ஒரு புடி எடுத்துக்கினு வா."

முருங்கை மரத்தடியில் கையில் வந்ததை அள்ளினேன். உள்ளே வந்து தம்ளரில் போடக் கையை விரித்தேன்.

அப்பாவின் விரல்கள் நின்றன. இடக்கை என் உள்ளங்கைக்கு வந்து, அதிலிருந்த ஓடை மணலைக் கிள்ளி எடுத்து, தொட்டி இருந்த பக்கம் வீசியது. பாதி மணல் என் சட்டையில் விழுந்தது. மறுபடி கிள்ளி, மறுபடி வீசினார்.

அதற்குள் இன்னும் இரண்டு செத்திருந்தன. தொட்டியில் மிச்சமிருந்த இரண்டு மீன் வெறும் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தன. அப்பாவின் கை நாலு நாளாகச் செய்துகாட்டியதும் அதையேதான். உப்புத் தண்ணீரைக் கொட்டி, கிணற்று நீர் ஊற்றி, மணலைக் கழுவிப் போட்டேன். இரண்டும் நொடியில் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்தன. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். செத்துவிட்டார் என்று தங்கை அலறினாள். அவர் தூங்கிவிட்டிருந்தார். நாலு நாள் தூங்காத மனிதர்.

எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஏரிக்கரையும் சேர்த்து.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். என் கையால் கஞ்சி குடித்தார், ரசம் குடித்தார். பால் என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். மோர் கொண்டுபோனாலும் வெள்ளையைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொள்வார். "இன்னாங்க, வரகாப்பியே போட்டுடறேங்க" என்றாள் மனைவி. வீட்டில் எல்லோரும் பால் விடாத அந்தக் காப்பியையே குடித்தோம். அவர் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சாவுப் பேச்சை மறுபடி எப்படி எடுப்பது என்று தெரியாமல் கேட்காமலே இருந்தேன்.

கடைசி நாள் ஒரு நடுப்பகலில் வந்தது. கை அசையவில்லை, மூச்சுதான் ஏறி இறங்கியது. அத்தை பால் கிண்ணத்தோடு வந்தாள். பிள்ளை ஊற்றாவிட்டால் கட்டை வேகாது என்றாள். கிண்ணத்தை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு, பானைத் தண்ணீரை அவர் கண்ணெதிரே கரண்டியில் மொண்டு, "தண்ணிதாம்பா" என்றேன். அப்பா கரண்டியைப் பார்த்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.