கடல் பார்

மன்னார்க் கரை வங்காலைக்காரிக்குக் கடல் இல்லாத இடத்தில் என்ன வேலை? ஆனாலும் தொண்ணூற்றிரண்டில் அருள்நாயகி மடுக் காட்டு அகதி முகாமில்தான் இருந்தாள். கருவாடு காயவைத்த கைகளுக்கு மாதா கோயில் சாமான் அறையைக் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. சனங்கள் சண்டைக்குப் பயந்து ஓடுகிற ஓட்டத்தில் விட்டுப்போன கதிரை, அலுமாரி, தையல் மெசின் எல்லாம் அங்கே குவிந்திருந்தன. ஆரோ கொண்டுவந்து போட்ட ஒரு கடல் படமும் கிடந்தது.

பழைய எண்ணெய்ச் சாயப் படம். விடியப்புறக் கடல், தூரத்தில் இரண்டு பாய் வள்ளங்கள். மத்தியானம் வேலை முடிந்ததும் அருள்நாயகி அதன் முன்னால் குந்துவாள். கொஞ்ச நேரத்தில் அறை போய்விடும், முகாம் போய்விடும், காலடி மண் ஈரமாகும். செத்துப்போன புருசன் வள்ளத்தை இழுத்து வருவதுகூடத் தெரியும். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சனம் கதைத்தது. கதைக்கட்டுமே, கதைக்கிற வாய்க்கு என்ன நட்டம்!

படத்தின் பின்பக்கம் மூன்று கடதாசித் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்று, கொழும்பு கொட்டாஞ்சேனையில் சட்டம் போட்ட கடையுடையது. மற்றது, கண்டியிலிருந்து மன்னாருக்கு ரயிலில் வந்த பார்சல் துண்டு. மூன்றாவது கையெழுத்து, மடிந்து ஒட்டிப்போய், 'கடல் பார்' என்ற இரண்டு சொல் மட்டும் வெளியே தெரிந்தது.

கடலடியில் முத்துச்சிப்பி விளைகிற திடலைப் பார் என்பது அந்தக் கரை வழக்கம். முத்துக்குளித்த காலத்தைக் கண்ட கிழவர் அருளப்பு, படத்தைத் திருப்பித் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"இது ஏதோ ஒரு பாரின்ரை பேர், பிள்ளை. அரசாங்கத்தின்ரை முத்துக்குளிப்புக் கந்தோர்ப் படமாயிருக்கும்."

"அப்ப ஒருத்தரும் தேடி வரமாட்டினமோ?"

"கந்தோர்ச் சாமானை ஆர் தேடுறது?"

அருள்நாயகிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உரித்தாளி இல்லாத படம். இனி அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மாரி மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அறைக்குள் ஈரம் ஏறி, மூன்றாவது துண்டின் மடிப்புத் தானாகவே பிரிந்தது. 'மகள் உம்மு குல்சூம், கண்டியில் மனம் சோர்ந்தால் கடல் பார். வாப்பா சரிபுதீன், சிலாவத்துறை.'

பாராவது, சிப்பியாவது! ஒரு தகப்பன் மகளுக்குச் சொன்ன சொல் அது. கொழும்பில் வாங்கி, கண்டியில் தொங்கி, ரயிலேறி ஊர் திரும்பிய படம் என்று இப்போது அவளுக்கு விளங்கியது. சிலாவத்துறை முஸ்லிம் சனங்களைத் தொண்ணூறில் இயக்கம் ஊரைவிட்டு விரட்டியதும், அவர்கள் புத்தளத்தில் முகாம்களில் இருப்பதும் அவளுக்குத் தெரியும். மடிப்பைத் திரும்ப ஒட்டிவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியவராது. இரண்டு நாள் அந்த எண்ணத்தோடு கிடந்தாள். மூன்றாம் நாள், புத்தளம் போகவிருந்த சிஸ்டர் அன்ரோனெற்றிடம் உம்மு குல்சூமுக்கு எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, அது போய்ச் சேரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள். பாவி மனம், என்ன செய்ய!

மூன்று மாதம் கழித்துச் சிஸ்டர் பதிலோடு வந்தார்.

'தங்கச்சி, அந்தப் படம் என்னுடையதுதான். கண்டிக்குப் படிக்கப் போன நேரம் வாப்பா வாங்கித் தந்தது. வாப்பா இங்க வந்து மௌத்தாகிட்டார், இங்கதான் அடக்கினது. படத்தை அனுப்ப வேணாம். நாங்க இருக்கிறது கிடுகுக் கொட்டில், ஆணி அடிக்க ஒரு சுவர் இல்ல. அல்லாஹ் நாடினால், ஊருக்குத் திரும்பிப் போற அன்றைக்கு வந்து எடுக்கிறன். அதுவரைக்கும் உங்களிட்ட இருக்கட்டும்.'

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. சந்தோசப்படத்தானே வேண்டும்? அவளோ கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அன்று பின்னேரம் தொடங்கி, அந்தப் படம் தன் கையைவிட்டுப் போகவேண்டும் என்று நாளுக்கொரு செபமாலை சொல்லிவந்தாள்.