டீச்சரின் தகரக் குரல்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை எல்லோருக்கும் தெரியும். திருப்புளி அந்த ஆண்டிக்கு அண்ணன் முறை.

பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த காலம் முழுக்கச் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஆணி கழற்றும் திருப்புளி இருந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றபோது மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையிலும் சட்டைப் பையில் திருப்புளி இருந்தது, கழற்றுவதற்குத்தான் லிஃப்ட் இல்லை. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைச் சத்தம் போடுகிறது என்று இறக்கினார். மாட்டிய பிறகு அது காற்றை நிறுத்திவிட்டுச் சத்தத்தை மட்டும் தந்தது. அடுத்து மிக்ஸி, அதற்கடுத்து வாசல் மணி. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது தேடும்.

"ஏங்க, ஓடுறதை ஓட விடுங்க" என்பார் டீச்சர். டீச்சர் என்பது அவர் மனைவி. ஊரே அப்படிக் கூப்பிட்டதில் கட்டிய புருஷனும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். கணக்குப் பாடம் எடுத்த அந்தக் குரல் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புவரை கேட்கும். பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை உயிரைத் திருப்பிக் கொடுத்து, குரலை எடுத்துக்கொண்டது.

அதன் பின் டீச்சர் ஒரு பழைய லேப்டாப் வழியாகப் பேசினார். மருமகன் கொடுத்துவிட்டுப் போனது. வேறு எதைப் போட்டாலும் அதற்கு மூச்சு வாங்கியதால் லினக்ஸ் என்ற இலகுவான இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். டீச்சர் தட்டத் தட்ட அது படிக்கும். ஆணா பெண்ணா என்று பிடிபடாத குரல், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ மூக்கால் பேசுவது போலிருக்கும். ஆனால் டீச்சர் அதைப் பழக்கி வைத்திருந்தார். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு விசை, சுருதியை ஏற்றவும் இறக்கவும் இரண்டு. கோபம் வந்தால் நான்கு விரலும் பறக்கும், குரல் கீச்சென்று ஏறும். கிண்டல் என்றால் வாக்கியத்தின் கடைசியில் வேகத்தைத் தேய்த்து ஒரு இழுப்பு இழுப்பார். "தொண்டைதான் போச்சு, வாய் போகலை" என்று அவர் தங்கை சொல்வாள். வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தங்கை தொலைபேசியில் கூப்பிடுவாள். அக்காளும் தங்கையும் ஆசை தீரச் சண்டை போடுவார்கள்.

தன் திருப்புளிக்கு அடங்காத பொடி ஆணிப் பெட்டி என்று திருப்புளி முதலில் லேப்டாப்பை மதிக்கவில்லை. பிறகு ஒருநாள் அந்தக் கறுப்புத் திரையைக் கண்டுபிடித்தார். ஒரு வரி அடித்து, கடவுச்சொல்லைக் கொடுத்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு மென்பொருள் இறங்கி வந்து உட்காருகிறது. வேண்டாமென்றால் இன்னொரு வரியில் போயும்விடுகிறது. மனிதருக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நட்சத்திரம் பார்க்க ஒன்று, வீட்டு வரைபடம் போட ஒன்று, பறவைச் சத்தத்தை அடையாளம் சொல்ல ஒன்று என்று நிறுவுவார், ஒருமுறை திறந்து பார்ப்பார், நீக்குவார். இன்னின்னது வரும், இன்னின்னது போகும், தொடரலாமா என்று அது ஒவ்வொரு தடவையும் கேட்கும். அது கேட்டு முடிப்பதற்குள் அவர் விரல் 'ஆம்' சொல்லியிருக்கும்.

இத்தனைக்கும் லிஃப்டில் அவர் அப்படியில்லை. வடம் மாற்றும்போது பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தாமல் பழைய வடத்தில் கை வைக்க மாட்டார், வைத்தவனைச் சும்மா விட்டதும் இல்லை. அந்தப் புத்தி லிஃப்டோடு நின்றுபோனது.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் காய்கறி வாங்கக் கீழே போயிருந்தார். புதிதாக வந்திருக்கும் ஒரு குரலைப் பற்றித் திருப்புளி காலையில்தான் படித்திருந்தார். மனிதக் குரல் மாதிரியே இருக்கும் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் தகரக் குரலை அவர் வெறுத்தார். யாரிடமும் சொன்னதில்லை. சமையலறையிலிருந்து அது கூப்பிடும்போதெல்லாம், பழைய குரல் இனி வராது என்பது அவருக்குப் புதிதாக ஒருமுறை தெரியும்.

வரியை அடித்தார். புதியது வந்தால் பழைய குரல் போகும் என்று திரை சொன்னது, தொடரலாமா என்றும் கேட்டது. விரல் வழக்கம்போல முந்திக்கொண்டது. நிறுவி முடித்த பிறகும் கை அடங்கவில்லை. பழைய குரலின் அமைப்புகள் ஒரு மூலையில் அநாதையாகக் கிடந்ததைப் பார்த்து அதையும் கையோடு அழித்தார். அந்தக் கறுப்புத் திரையில் குப்பைத் தொட்டி கிடையாது, அழித்தால் அழித்ததுதான்.

"வணக்கம்" என்றது புதுக் குரல். தெளிவான, கனிவான பெண் குரல். திருப்புளிக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் திரும்பி வந்தபோது அவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "டீச்சர், எதையாவது அடிச்சுப் பாரேன்!"

டீச்சர் சந்தேகத்தோடு தட்டினார். "காய்கறிப் பையை உள்ளே வைங்க" என்று அறை முழுக்க ஒரு மகாராணி பேசினாள். டீச்சர் புருவத்தை உயர்த்தினார். சுருதி விசையை அழுத்தினார், வேக விசையை அழுத்தினார். மகாராணி மாறவில்லை. அதற்குள் தொலைபேசி அடித்தது.

"அக்கா, போன வாரம் விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பி. என்னைப் பத்தி என்னமோ சொன்னியே?" என்றாள் தங்கை.

"உனக்குப் புத்தியே கிடையாதுன்னு சொன்னேன்" என்று டீச்சர் அடித்தார். அதைப் புதுக் குரல் நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிப்பதுபோல் சொன்னது.

மறுமுனையில் தங்கையின் குரல் மாறியது. "ஹலோ, நீங்க யாருங்க பேசுறது?"

"நான்தாண்டி."

"மன்னிச்சுக்குங்க மேடம், நம்பர் மாறிடுச்சு போல. இது அக்கா வீடுதானே? அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

டீச்சரின் விரல்கள் வேக விசையை அடித்தன, அடித்துக்கொண்டே இருந்தன. "நான்தாண்டி உன் அக்கா" என்றது குரல், அதே கனிவோடு.

தங்கைக்குப் பதற்றம் வந்துவிட்டது. "நீங்க நர்ஸாம்மா? அக்காவுக்கு என்ன ஆச்சு? மாமா பக்கத்துல இருக்காரா?"

டீச்சர் லேப்டாப்பை மூடினார். தொலைபேசியைத் திருப்புளியின் கையில் வைத்துவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்தார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. டீச்சரிடம் திட்டுகிற குரல் இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா, அக்கா நல்லாத்தான் இருக்கா. சாஃப்ட்வேர் ஒண்ணு மாத்தினேன்" என்றார் தங்கையிடம்.

"மாமா, எதை வேணா மாத்துங்க. முதல்ல என் அக்காவைக் கொண்டாங்க" என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் பாடு அதற்கப்புறம் சொல்லத் தரமில்லை. புதியதை நீக்கினால்தான் பழையது ஏறும் என்றது லினக்ஸ். நீக்கினார். நீக்கியதும் ஒலியே போய்விட்டது. எழுந்து கூடத்தில் நடந்தார், உட்கார்ந்தார், ஒரு வரி அடித்தார், மறுபடி நடந்தார். யாரோ எவருக்கோ எப்போதோ சொன்ன யோசனைகளையெல்லாம் தேடிப் படித்தார். முதல் தடவையாக, திரை கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் கடைசி எழுத்துவரை படித்தார். டீச்சர் தட்டை வைத்தார், எடுத்தார், பக்கம் வரவில்லை. வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மறுநாள் முற்பகலில் பழைய குரல் திரும்பியது. ஆனால் டீச்சர் வரவில்லை. அதே தகரம்தான், பேசியது வேறு யாரோ. இத்தனை வருடமாக டீச்சர் வைத்திருந்த வேகமும் சுருதியும் அழித்த அமைப்போடு போயிருந்தன.

அந்த அளவை யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியவர் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். திருப்புளி தன் காதையே நம்பினார். டீச்சர் தன்னைத் திட்டியதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக அடித்து ஓடவிட்டார்.

"ஏங்க, ஓடுறதை ஓட விடுங்க." வேகம் போதவில்லை, கூட்டினார். "மூடியிருக்கிறதை எதுக்குத் திறக்குறீங்க?" சுருதியை ஏற்றினார், அதிகமாகிவிட்டது. "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு?" இது தாலாட்டு மாதிரி வந்தது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி அடித்தார். ஒரு மனிதன் தன்னைத்தானே இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டதை அந்த வீட்டுச் சுவர்கள் பார்த்ததில்லை.

உள்ளே கத்திச் சத்தம் நின்றது. டீச்சர் வந்து அவர் தோளைப் பிடித்து நகர்த்தினார். உட்கார்ந்து விசைகளை நாலைந்து தரம் தட்டினார்.

"திட்டக்கூடத் தெரியலை உங்களுக்கு" என்றது குரல். இன்னும் இரண்டு தட்டு. "நான் எப்பங்க இவ்வளவு மெதுவாத் திட்டினேன்?"

வந்துவிட்டது. மூக்கு, கீச்சு, கடைசி இழுப்பு எல்லாமாக, டீச்சரேதான். திருப்புளி கைதட்டப் போனார். ஆனால் டீச்சர் நிறுத்தவில்லை.

"டாக்டர் என் தொண்டையை எடுத்தாரு. மிச்சம் இருந்ததை நீங்க எடுத்தீங்க. அவராவது என்னைக் கேட்டுட்டு எடுத்தாரு."

"உன் பழைய குரல் மாதிரி ஒண்ணு கிடைக்குமான்னு பார்த்தேன் டீச்சர். இந்தத் தகரத்தை என்னால கேட்க முடியலை."

டீச்சர் வேகத்தைக் குறைத்தார். கிண்டலுக்குக் குறைப்பதைவிடவும் குறைத்தார்.

"அது போயிடுச்சுங்க. இதுதான் நான்."

திருப்புளி விசைப்பலகையை நோக்கி நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "ஒரே ஒரு வரி அடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். டீச்சர் தலையாட்டியதும், இந்தக் குரல் மென்பொருளை எந்தப் புதுப்பிப்பு வந்தாலும் தொடாதே என்று சொல்லி வைக்கும் கட்டளையை அடித்தார். அது ஆமா இல்லையா என்று கேட்கவில்லை. லிஃப்ட் பெட்டிக்கு முட்டுக் கொடுத்த திருப்தி அவருக்கு.

தொலைபேசி அடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமைவரை தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"நான் இல்லாத நேரத்துல ஒரு மேடம் வந்து பேசுனாங்கடி" என்றது தகரக் குரல், கடைசியில் நீளமாக இழுத்து.

மறுமுனையில் தங்கை சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, அதை மறைக்கச் சத்தம் போட்டாள். "ஆமாம், எவ்வளவு மரியாதையா இருந்தாங்க! அவங்களையே வச்சுக்கோயேன். நீ எதுக்குக்கா திரும்பி வந்தே?"

டீச்சரின் நான்கு விரல்களும் பறந்தன. கூடம் கீச்சுக் கீச்சென்று நிறைந்தது. திரையின் ஓரத்தில் புதுப்பிப்பு வந்திருப்பதாக ஒரு சின்னம் மினுக்க ஆரம்பித்தது. திருப்புளி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.