பத்தியத்துக்குள்ள இருந்த பெலாச்சான்

இன்னிக்கு மத்தியானம் காஜா பேராங் கிளினிக்குக்கு என் வீட்டுக்காரரைத் தூக்காத குறையா கூட்டிட்டுப் போனோம், நானும் மாமியாரும்.

உதடு வீங்கிப் பேச்சு வரல. உடம்பெல்லாம் தடிப்பு.

ஒரு மாசமாவே தடிப்பு வந்து வந்து போகுது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடிச்ச காணாக்கடின்னு சொல்லி, மாமியார் தினமும் வேப்பிலைத் தண்ணியில குளிக்க வச்சாங்க. இறாலும் நண்டும் வீட்டுக்குள்ளேயே வரல. அவருக்காக நாங்களும் சாப்பிடல.

கிளினிக்குல அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் ஊசி போட்டாங்க. கொஞ்சம் அடங்கின பிறகு டாக்டர் கேட்டாரு, "இறால் ஏதும் சாப்பிட்டாரா?"

"பத்தியம் டாக்டர். ரசமும் சோறும்தான்," மாமியார் சொன்னாங்க. "நாக்கு செத்துப்போச்சுன்னான். மிளகாய் அரைச்ச சம்பல் மட்டும் தொட்டுக்கக் கொடுத்தேன்."

ஊசி போட்ட நர்ஸ் மிஸ்ஸி திரும்பிப் பார்த்தாங்க. "பெலாச்சான் போட்டதாம்மா?"

"அது இல்லாம என்ன சம்பல்?"

"பெலாச்சானே இறால்ல செய்றதுதானேம்மா."

 அந்தப் பெலாச்சானைத் தெங்கேரா கடையில நல்லதா பார்த்து வாங்கிட்டு வந்தது நான்தான்.

சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்ததும் மாமியார் அந்தப் பெலாச்சான் கட்டியைப் பேப்பர்ல சுத்திக் குப்பையில போட்டாங்க. சோப்பு போட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாங்க. வாசனை போகல. மகன் பக்கத்துல போய் உட்கார்ந்தாங்க, தொடவே இல்ல.

இப்ப அவர் தூங்குறாரு. நான் அடுப்படியில ஒவ்வொரு போத்தலா திறந்து மோந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்.

உங்க வீட்டுப் பத்தியத்துல பெலாச்சானை இறால்னு ஒதுக்குவீங்களா, இல்ல உப்பு மாதிரி நினைச்சுச் சேர்த்துக்குவீங்களா?